பியானோ டீச்சர் தேடு படலம்

நாற்பத்தாறு வயசுல பியானோ கத்துக்கப் போறேன்னு சொன்னதும் தங்கமணி கேட்ட ஒரே கேள்வி: "ஏங்க, பேங்க்ல வீஆர்எஸ் குடுக்கறாங்களா?" :-)

பொண்ணு படிக்க வெளியூர் போயாச்சு. அவ விட்டுட்டுப் போன 61 கட்டை கீபோர்டு பரண்ல தூங்குது. சரி, தாணேல டீச்சரா இல்லைன்னு கிளம்பினேன்.

முதல் வகுப்பு கோட்பந்தர் ரோட்டுல. எனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏழு வயசுப் பசங்க. முதல் நாளே டீச்சர் லண்டன் டிரினிட்டி காலேஜ் சிலபஸை நீட்டிட்டார். இனிஷியல்ல ஆரம்பிச்சு எட்டு கிரேடு. ஜேஏஐஐபி, சிஏஐஐபி எல்லாம் எழுதின ஆளு நான், பரீட்சைக்குப் பயமில்லை. ஆனா மூணு மாசமாகியும் ரெண்டு கையும் சேரலை. "பெரியவங்களுக்கு விரல் இறுகிடும் சார்"னார். நம்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

அடுத்தது வீட்டுக்கே வந்த பையன். வலது கைல மெட்டு, இடது கைல கார்டு, மிச்சத்துக்கு ரிதம் பொத்தான். ரெண்டே வாரத்துல ராஜா பாட்டு! பொத்தானை அணைச்சா பாட்டும் அணைஞ்சிடும், அதான் சிக்கல்.

மூணாவதா வந்து சேர்ந்தது தலாவ்பாளி பக்கம் ஒரு ஈஸ்ட் இண்டியன் ஆன்ட்டிகிட்ட. எழுபது தாண்டினவங்க. மழைக்கால ஈரத்துல கட்டை ஒட்டிக்காம இருக்க, பழைய பியானோவுக்குள்ள சின்னதா ஒரு பல்பு எரிஞ்சிட்டே இருக்கும். கிரேடெல்லாம் கேக்கலை. "தெரிஞ்சது ஏதாவது பாடு பேட்டா"ன்னாங்க.

எனக்கென்ன தெரியும்? மாட்டுங்கா வீட்டுல அக்காவுக்குப் பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்தப்போ காதுல விழுந்த 'சந்ததம் பாஹிமாம்'தான். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சாகித்யம் போட்ட நோட்டுஸ்வரங்கள்ல ஒண்ணு. சங்கராபரணம். மெட்டு பிரிட்டிஷ்காரங்களோட தேசிய கீதம்!

ரெண்டாவது வரியில ஆன்ட்டி சிரிச்சிட்டாங்க. சிரிச்சிட்டே இடது கையால கீழே வேற ஒரு வழியில நடக்க ஆரம்பிச்சாங்க. நான் பாட்டை நிறுத்திட்டுக் கேட்டேன். உடனே பிடிச்சிட்டாங்க.

"விரல்ல ஒண்ணுமில்லை. உன் காது ஒரே பாட்டு பின்னாடி போகுது. இன்னொண்ணு வந்தா நின்னுடறே."

நாம வளர்ந்த சங்கீதம் அப்படி. ஒரே கோடு, அதுலதான் கமகம், சங்கதி எல்லாம். ஏழு வயசுப் பையனுக்கு இந்தப் பழக்கம் ஊறலை, எனக்கு ஊறியிருக்கு. விரலைப் பார்த்தவங்க யாரும் காதைப் பார்க்கலை.

அவங்க வைத்தியம்: வலது கை வாசிக்கணும், இடது கையோடதை வாயால பாடணும். ஸரிகமன்னு பாடினாலும் ஆட்சேபம் இல்லை. கனமான 88 கட்டை டிஜிட்டல் ஒண்ணும் வாங்க வெச்சிட்டாங்க (விலையைத் தங்கமணிகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன், உஷ்!).

பதினாலு மாசமாச்சு. அதே மெட்டுதான். முதல் ஆறு பார் ரெண்டு கையிலயும் சேர்ந்து வருது. ஏழாவதுல இடது கை நின்னு வேடிக்கை பார்க்கும். சமையல்கட்டுலேர்ந்து ஆன்ட்டி குரல் வரும்: "பாடு, பாடு!"