ஒரே கொல்லர், இரண்டு தெருக்கள்

லா ஷப்பல் பக்கம் இருக்கிற எங்களுக்குப் பாரிஸ் 15ஆம் வட்டாரம் நகரத்தின் மறுமுனை. வேலை இருந்தாலொழிய அங்கே போகிறதில்லை. ஆனால் பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு பின்னேரம் நடக்க நல்ல இடம். 8ஆம் இலக்க மெட்ரோவில் ஃபெலிக்ஸ் ஃபோர் நிறுத்தத்தில் இறங்கி, அதே பேருள்ள அவெனியூவால் பலார் வரை நடவுங்கள். அங்கிருந்து ட்ராமில் இரண்டாவது நிறுத்தம் போர்ட் து வெர்சாய். அங்கே லெஃபெவ்ர் புல்வார் தொடங்குகிறது.

ஃபோர், லெஃபெவ்ர். கேட்க இரண்டு வேறு பேர் மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றுதான்: கொல்லர்.

லத்தீனில் 'ஃபாபெர்' என்றால் கைவினைஞன், கொல்லன். வடக்கே அது 'ஃபெவ்ர்' ஆனது. முன்னால் 'லெ' சேர, லெஃபெவ்ர். தெற்கே ஒரு பக்கம் ஃபாப்ர், இன்னொரு பக்கம் ஃபோர். சவோய் மலைப்பக்கம் ஃபாவ்ர். பிரெத்தோன் மொழி வேறு. அங்கே கொல்லர் 'லெ கோஃப்'. லெஃபெவ்ர் என்று எழுதும்போது நடுவில் ஒரு 'பெ' எழுத்து வரும், வாயில் வராது. லத்தீன் மூலத்தை நினைவூட்ட எழுத்தர்கள் செருகியது அது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேருள்ள பிள்ளை இன்றைக்கும் அதைச் சுமக்கிறது.

இந்தப் பேர் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? ஊரில் எல்லாரும் கமக்காரர் என்றால் 'கமக்காரர் பியேர்' என்று சொல்லி ஆளை அடையாளம் காட்ட முடியாது. கொல்லர் பெரும்பாலும் ஊருக்கு ஒருவர். 'கொல்லர் பியேர்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் இருந்தபடியால் நாடு முழுக்க லெஃபெவ்ர்கள், ஃபாப்ர்கள்.

முதலில் அது ஆளோடு வந்த அடையாளம். பிறகு எழுத்தில் உறைந்தது. 1539இல் அரசர் முதலாம் பிரான்சுவா, கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொல்லி வில்லேர்-கொத்ரே ஆணையை வெளியிட்டார். புரட்சிக்காலத்தில், 1794இல், பிறப்புப் பதிவிலுள்ள பேரைத் தவிர வேறு பேர் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. தொழில் மாறலாம், பேர் மாறாது.

15ஆம் வட்டாரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஃபெலிக்ஸ் ஃபோர் 1895 முதல் 1899 வரை பிரான்சின் ஜனாதிபதி. எமில் ஸோலாவின் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதம் இவருக்குத்தான் எழுதப்பட்டது. தகப்பன் தளபாடம் செய்தவர், இவர் தோல் பதனிட்டு வியாபாரம் பார்த்தவர். புல்வாருக்குப் பேர் தந்த லெஃபெவ்ர், நெப்போலியனின் மார்ஷல். 'கொல்லர்' என்று பேர் வைத்துக்கொண்டு ஒருவர் தோல் விற்றார், மற்றவர் போர் செய்தார். பூச்சிகளைப் பற்றி எழுதிய ஜான்-ஆன்ரி ஃபாப்ரும் இதே பேர்க்காரர்தான்.

கொல்லரைக் குறித்த பழைய சொல் பிரெஞ்சுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. இன்றைக்கு 'ஃபொர்ஜெரோன்' என்கிறார்கள். தட்டாரைச் சொல்லும் 'ஒர்ஃபெவ்ர்' என்ற சொல்லில் மட்டும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்ராமுக்கு நிற்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, எங்கட பேருக்கும் ஒரு வேலை இருக்கோ?"

"இல்லையம்மா, எங்கட பேருக்கு ஒரு ஆள் இருக்கிறார். உங்கட பூட்டன்" என்றேன்.

1980களில் அப்பா பிரான்சுக்கு வந்தபோது, படிவத்தில் குடும்பப் பேர் என்ற கட்டத்தில் அப்பப்பாவின் பேர் போனது. ஊரிலே என்றால் என் பேருக்கு முன்னால் அப்பாவின் பேர், மகளின் பேருக்கு முன்னால் என் பேர் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். இங்கே அது அப்பப்பாவோடு நின்றுவிட்டது. 2005 முதல் தகப்பனின் குடும்பப் பேர், தாயின் குடும்பப் பேர், அல்லது இரண்டையும் பிள்ளைக்கு வைக்கலாம். ஆனால் தகப்பனின் சொந்தப் பேரைப் புதிதாகக் குடும்பப் பேராக்க வழியில்லை. பிரெஞ்சுக்காரருக்குப் பல நூற்றாண்டுக்கு முன் நடந்தது எங்களுக்கு ஒரு படிவத்தில் நடந்து முடிந்தது.

எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. ஆனால் ஒன்று உறைக்கிறது. லெஃபெவ்ருக்கு முதல் கொல்லர் யாரென்று தெரியாது, என்ன செய்தார் என்று பேரே சொல்லும். எங்கள் பேர் ஆளைச் சொல்லும், அவர் செய்ததைச் சொல்லாது. அப்பப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர், கிணற்றடியில் விடியற்காலையில் நின்றவர். இதை நாங்கள் சொல்லாவிட்டால், இன்னும் இரண்டு தலைமுறையில் அது வாசலில் ஒட்டிய வெறும் எழுத்துத்தான்.

உங்கள் வீட்டுக் குடும்பப் பேர் யாருடையது? அவர் எந்த ஊர், என்ன தொழில்? அம்மம்மாவோ அப்பம்மாவோ இருக்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு தொலைபேசியில் கேட்பியுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் அவர்கள் கையாலேயே எழுதட்டும்.