தறி வீட்டில் வெள்ளையடிப்பு

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கிறது.

வீட்டின் அகலம் பத்தடிதான். நீளத்துக்குக் குறைவில்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். பக்கத்தில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் வாசலில் வருகிறது, புழக்கடையில் வருகிறது. நடுவே தறி இருக்கும் இடத்துக்கு இரண்டும் எட்டுவதில்லை. அங்கே கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு.

ஓட்டுக்குக் கீழே பாட்டி. மடியருகே முறம். முறத்தில் துவரம்பருப்பு. தரையில் விழுந்திருக்கும் வெயில் வாசலை நோக்கி ஒரு சாண் நகர்கிறது. பாட்டியும் ஒரு சாண் நகர்கிறாள். பிறகு முறம்.

தறி இன்று ஓடவில்லை. பாவின் மேல் பழைய வேட்டிகள், அதற்கும் மேல் பிளாஸ்டிக் தாள். சுண்ணாம்பு பட்டால் பட்டு வீண். பெரியவர் திண்ணையில் உட்கார்கிறார். எழுந்து உள்ளே போகிறார். வேட்டியின் ஓரத்தை இழுத்து விடுகிறார். திரும்பி வந்து உட்கார்கிறார். சற்று நேரம் கழித்து, மறுபடி.

வாசல் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. மருமகள் அட்டைப்பெட்டிகளை இறக்கிய பிறகுதான் அது தெரிகிறது. ஒன்றில் ஓடாத மிக்ஸி. ஒன்றில் அரசு கொடுத்த மேசை விசிறி, இறக்கை இல்லாமல். மூன்றாவது முழுக்கப் பழைய காலண்டர்கள். கம்பிகளை ஈரத்துணியால் துடைத்துப் பிழிகிறாள். தண்ணீர் கறுப்பு.

மகன் கூரை மேல். ஒவ்வோர் அடியும் சட்டம் ஓடும் இடம் பார்த்து வைக்கிறான். சீமை ஓடு, 1860-களில் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழிலின் வாரிசு. கண்ணாடி ஓட்டுக்கும் அதே அச்சுதான். மண் ஓடு ஒன்றை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகலாம். அதன் மேல் பாசி, வேப்பஞ்சருகு, காக்கை எச்சம். நாரால் தேய்க்கிறான். கீழே பாட்டி நிமிர்கிறாள். கண் கூசுகிறது.

"போதும்டா."

தேய்ப்பது நிற்கவில்லை.

புழக்கடையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நேற்று ராத்திரியே தண்ணீர் விட்டு நீற்றியது. வெள்ளையடிப்பவர் துணியில் வடிகட்டுகிறார். ஒரு கை உப்பு. பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை நீலம். கலக்குகிறார். சுவரில் ஒரு விரல் தொட்டு வைத்துப் பார்க்கிறார். இன்னும் அரைச் சிட்டிகை. குறைந்தால் பழுப்புத் தட்டும். கூடினால் சுவரே நீலமாகும்.

மட்டை மேலிருந்து கீழே வருகிறது. பிறகு குறுக்கே. சுவர் ஈரமாக, சாம்பல் நிறத்தில் நிற்கிறது. பெரியவர் வாசற்படியில் வந்து நிற்கிறார்.

"என்னப்பா, வெறும் தண்ணியா இருக்கே?"

"காயட்டுங்க பெரியவரே."

"போன வருஷமும் இதான் சொன்ன."

"போன வருஷமும் காஞ்சுதே."

பேரன் செல்போனை நீட்டுகிறான். பிரேசிலில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-ல் செய்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், நிறையத் தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச். கூரையைத் துளைத்து, பாட்டில் பாதி வெளியே பாதி உள்ளே. மேலே படும் வெயில் தண்ணீருக்குள் வளைந்து அறையில் சிதறுகிறது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வீடியோவைக் கடைசி வரை பார்க்கிறார்.

"மழைக்கு ஒழுகாதா?"

பேரன் முதலிலிருந்து மறுபடி ஓட்டுகிறான்.

மறுநாள் காலை சுவர் வெள்ளை. வேட்டிகள் மடிந்து கொடிக்குப் போயிருக்கின்றன. பெரியவர் தறிக்குழியில் கால் இறக்குகிறார்.

மகனுக்கு இன்னொரு யோசனை. பீரோவின் ஆளுயரக் கண்ணாடி வாசலைப் பார்க்கும்படி திருப்புகிறான். வாசல் வெயில் அதில் பட்டு நேரே பெரியவர் முகத்தில் விழுகிறது. பீரோ நகர்கிறது. இப்போது வெயில் பாவின் மேல். பெரியவர் கையை வீசுகிறார்; பட்டுச் சாயம் வெயிலில் வெளுக்கும். இன்னும் கொஞ்சம் நகர்கிறது. புதுச் சுவரில் விழுகிறது. கண்ணாடி ஒரே திசையில் அனுப்பியதைச் சுவர் நாலா பக்கமும் பிரித்துக் கொடுக்கிறது. பெரியவர் தலையாட்டுகிறார். பீரோவைத் திறக்க இனி உடம்பை ஒருக்களிக்க வேண்டும். மருமகள் ஒருக்களித்துப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை.

உடல் கறுப்பு, கரை அரக்கு. கோர்வைப் புடவை. நாடா மூன்று, ஆள் இரண்டு. கறுப்பு இழை ஒன்று அறுகிறது. கறுப்புப் பாவில் கறுப்பு இழை. வழக்கமாக இந்த இடத்தில் பெரியவரின் இடது கை நீண்டு ட்யூப்லைட் சுவிட்சைத் தட்டும். இன்று கை நீளவில்லை. குனிகிறார். இரண்டு நுனியையும் தேடி எடுக்கிறார். கண்ணருகே தூக்கிப் பிடித்து முறுக்குகிறார். மருமகள் கரை நாடாவைக் கையில் வைத்தபடி காத்திருக்கிறாள். மிதி இறங்குகிறது.

நாலு மணிக்குத் தறி ஓடுகிறது. ஐந்துக்கும் ஓடுகிறது. சுவிட்சில் கை போகும்போது மணி ஐந்தே முக்கால். போன வாரம் வரை மூன்றரைக்கே போட்டது.