பேராதனையில் மூன்று இரவுகள்

பேராதனையைப் பார்த்தவர் பலர். பேராதனையில் தங்கியவர் சிலர். கண்டிக்குச் செல்லும் யாத்திரிகர் வழியிலே வண்டியை நிறுத்தி, பூந்தோட்டத்தின் வாயிலில் நுழைவுச் சீட்டுப் பெற்று, இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்து, புல்வெளியிற் கட்டுச்சோறு உண்டு, மாலைப் பூசைக்குத் தலதா மாளிகையை அடைந்துவிடுவர். அவர்களுக்குப் பேராதனை கண்டியின் முன்வாசல், அவ்வளவே. ஆனால் ஓர் ஊர், விருந்தினர் வருவதற்கு முந்திய காலையிலும் அவர்கள் சென்ற பிந்திய மாலையிலுமே தன் இயல்பைக் காட்டும். அதனைக் காண வேண்டுமாயின் அங்கே இரவு தங்குதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாம் நால்வர், வீட்டாரும் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகள் இருவருமாக, பேராதனையில் மூன்று இரவுகள் தங்கினோம். நாம் தெரிந்துகொண்ட இடம் பெரிய ஹோட்டல் அன்று. மகாவலி கங்கை பூந்தோட்டத்தை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. அதன் எதிர்க்கரை கன்னொறுவை. அக்கரையிலே, ஆற்றை நோக்கிய திண்ணையுடன் ஆறே அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதி அது. முற்காலத்தில் நம் நாட்டின் பெருவீதிகள் தோறும் அரசாங்க வாடிவீடுகள் இருந்தன. கொசுவலை கட்டிய கட்டில், சாய்வு நாற்காலி, சொல்லி வைத்தால் சமைத்துத் தரும் உணவு என்பவையே அவற்றின் இலக்கணம். அந்த இலக்கணம் வழுவாத விடுதி இது.

விடுதியின் உரிமையாளர் ஒரு சிங்கள மூதாட்டி. அவரை எவ்வாறு அழைப்பதென்று பிள்ளைகள் தயங்கினர். “ஆச்சி என்று கூப்பிடுங்கள்” என்றார் அவரே. பாட்டியைச் சிங்களவரும் ஆச்சி என்றே அழைப்பர் என்பது பிள்ளைகளுக்குப் புதுமையாக இருந்தது. சமையற்கட்டின் பொறுப்பு ஒரு தமிழ்ப் பெரியவருடையது. கலஹாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த அவர் அறுபதைக் கடந்தவர். காலையில் இடியப்பமும் பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும், ஒருநாள் ஆச்சியின் விருப்பப்படி கிரிபத்தும் லுணுமிரிசும் அவர் கையாற் கிடைத்தன.

வேற்றூர் மரங்களின் சபை

பூந்தோட்டத்தை நாம் காலையில், கூட்டம் சேருமுன் கண்டோம். 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கே அரசிருக்கை கொண்டான் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டிலே கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் இதனை அரச நந்தவனமாக்கினான். அவன் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். அம்மரபின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815இல் ஆங்கிலேயரால் முடியிழந்து வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான். அரசன் போய் ஆறு ஆண்டுகளுக்குள், 1821இல், அலெக்சாந்தர் மூன் என்பார் அவ்வரச நிலத்திலே தாவரவியற் பூங்காவைத் தொடங்கினார். இன்று அதன் பரப்பு 147 ஏக்கர்.

அதனைச் சுற்றி வருகையில் ஓர் உண்மை புலப்படுகிறது. இங்கே புகழ்பெற்று நிற்பவற்றிற் பெரும்பாலானவை வேற்றூர் மரங்கள். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓரடி வளரும் இராட்சத மூங்கில் பர்மாவின் பக்கத்தது. உலகிலேயே மிகப் பெரிய விதையை ஈனும் இரட்டைத் தென்னை சீசெல்சுத் தீவினது. பெரும் புல்வெளியிற் குடை விரித்தாற்போற் படர்ந்து, ஒரு மரமா ஒரு தோப்பா என்று ஐயுறச் செய்யும் அத்தி மரத்தைச் சாவகத்து அத்தி என்பர். 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசரும் அவர் துணைவியாரும் நட்ட நாகலிங்க மரம் தென்னமெரிக்க இனம். நம் சிவாலயங்களில் அதனைக் கண்டு பழகிய நமக்கு, அது கடல் கடந்து வந்ததென்பதே வியப்பு. யாழ்ப்பாணத்தவர் கண்ணுக்கு விருந்தாக, பனைகள் இருமருங்கும் அணிவகுத்த ஒரு வீதியும் உண்டு. மலைநாட்டு ஈரத்திலே அந்தப் பனைகளைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிச் சென்று தொட்டுப் பார்த்தனர்.

இம்மரங்கள் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. பிறந்த நாடும் இனமும் பொறிக்கப்பட்டுள்ளன. “எங்கிருந்து வந்தாய்?” என்ற வினா இங்கே ஒரு மரத்தை விலக்குவதற்கன்று, அதனை அறிந்து பேணுவதற்கே கேட்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 முதல், தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைவரான மவுண்பேற்றன் பிரபு தம் தலைமையகத்தை இத்தோட்டத்தில் அமைத்திருந்தார். படை வந்தது, போயிற்று, மரங்கள் நின்றன.

ஒரு சிறு செடியின் கதை

மாலையில் விடுதித் திண்ணையில் அமர்ந்திருக்கையில், தோட்டத்து மரங்களிற் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கிற் கிளம்பி ஆற்றுக்கு மேலாகப் பறந்தன. பெரியவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தேநீருக்கும் எதிரேயிருந்த தோட்டத்துக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

முதலில் வந்தது கோப்பி. 1825இல் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ், நாம் அமர்ந்திருந்த இக்கன்னொறுவையிலேயே ஒரு கோப்பித் தோட்டத்தை உண்டாக்கினார். அதற்குச் சற்று முன்னர் கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேட் என்பார் கோப்பி பயிரிட்டார். இத்தோட்டங்களில் உழைக்கவே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலை ஏறினர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1839இல் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் பேராதனைக்கு வந்து சேர்ந்தன. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பற்றி அழிக்கத் தொடங்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. விதைக்கு நிழலும் நீரும் கொடுத்து வளர்த்தது பேராதனை. அச்செடியை மலை முழுவதும் பரப்பியவை தமிழ்த் தொழிலாளரின் கைகள்.

குறிஞ்சி நிலத்துக் கல்விக்கழகம்

மறுநாட் காலை ஆற்றைக் கடந்து பல்கலைக்கழகம் சென்றோம். ஹந்தானை மலையின் அடியிலே, ஆற்றோரமாக, கண்டிய மரபுக் கூரைகளுடன் கருங்கற் கட்டடங்கள் அமைந்துள்ளன. 1942இற் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம், முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், 1952இல் இங்கே குடிபுகுந்தது. மாணவர் விடுதிகளில் ஒன்றுக்கு அருணாசலம் பெயர். மற்றொன்றுக்கு இராமநாதன் பெயர். இப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தினை இங்குள்ள மாணவரைக் கொண்டு புதுக்கி மேடையேற்றினார். 1964இல் வந்த இராவணேசன் அவற்றுட் புகழ் பெற்றது. வளாகத்திலே குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. மலையும் மலைசார்ந்த நிலமும் முருகனுக்குரியன என்னும் பழந்தமிழ் மரபை அறிந்த மாணவர்க்கு அப்பெயரின் பொருத்தம் இனிக்கும்.

1983 மே மாதத்தில் இங்கே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேற நேர்ந்த துயரமும் இவ்வளாகத்தின் வரலாற்றிலே உண்டு. அதனை மறைத்து இயற்கை அழகை மாத்திரம் எழுதுதல் முறையன்று. அதன் பின்னரும் நம் பிள்ளைகள் இங்கே வந்து பயின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

வளாகத்தினூடே செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். அதிலே மலை ஏறினால் கலஹா, தெல்தோட்டை. அதற்கும் அப்பால் லூல்கந்துர. கல்விக்கழகத்துக்கும் முதல் தேயிலை மலைக்கும் ஒரே பாதைதான். நாம் கலஹா வரை பேருந்திற் சென்று மீண்டோம்.

சந்தியிலே நின்ற வண்டி

மூன்றாம் இரவு, தொலைவிலே பேராதனைச் சந்தியிலிருந்து புகையிரதத்தின் ஊதல் கேட்டது. கொழும்பிலிருந்து வரும் பாதை அங்கேதான் பிரிந்து, ஒன்று கண்டிக்கும் மற்றொன்று பதுளைக்கும் செல்கின்றது. அவ்வொலியைக் கேட்டபோது, அதுவரை அதிகம் பேசாதிருந்த பெரியவர் திண்ணைப் படியில் அமர்ந்து பேசலானார்.

“ஹட்டன் பக்கம் இருந்த எங்க பெரியப்பா குடும்பம் எழுபத்து மூணுல இந்தச் சந்தி வழியாத்தாங்க ஐயா இந்தியாவுக்குப் போனாங்க. எனக்குப் பத்து வயசு. அப்பா என்னையும் கூட்டிக்கிட்டு வந்து மேடையில நின்னாரு. வண்டி நின்ன கொஞ்ச நேரத்துல, ஒரு தேயிலப் பொட்டலத்தை ஜன்னல் வழியாப் பெரியம்மா கையில கொடுத்தாரு. வேற கொடுக்க எங்ககிட்ட என்ன இருந்துச்சு? பிறகு கூடலூர்ல இருந்து காயிதம் வந்துச்சு. அங்கேயும் தேயிலதான் பறிக்கிறாங்களாம்.”

இளைய வாசகர் பலர் இதன் பின்னணியை அறியார். சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த சட்டத்தினால் மலையகத் தமிழர் பிரசாவுரிமை இழந்தனர். 1964 அக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஊர் விட்டவர் புகையிரதத்தில் மலையிறங்கி, பேராதனைச் சந்தியைக் கடந்து, பொல்காவலை வழியாகத் தலைமன்னாரை அடைந்து கப்பலேறினர். அவர்களுட் பலர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றனர். இலங்கையிலே எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமையைத் தந்தது. முதல் தொழிலாளர் வந்ததாகக் கொள்ளப்படும் 1823இலிருந்து எண்ணினால், 180 ஆண்டுகள். 2023இல், அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர்.

ஆற்றுக்கு அப்பால் இருளில் நின்ற தோட்டத்தை நோக்கினோம். சீசெல்சுத் தென்னைக்கும் பர்மா மூங்கிலுக்கும் வந்த நாளிலேயே இடமும் பெயரும் கிடைத்தன. அசாமிலிருந்து வந்த விதை இந்நாட்டின் செல்வமாயிற்று. அதனைப் பறித்த கைகளுக்கு மாத்திரம் “நீ இவ்வூரான்” என்று சொல்ல ஏன் இத்தனை காலம் சென்றது? மூத்த மகள் இதனைக் கேட்டாள். பெரியவர் விடை சொல்லவில்லை; சூடு ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு போய், புதிதாக ஊற்றிக் கொணர்ந்தார்.

பேராதனை செல்லும் குடும்பத்தினருக்கும் மாணவர்க்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. தை முதல் பங்குனி வரை மழை குறைந்த காலம், அப்போது செல்லுங்கள். குடையும் மெல்லிய கம்பளி ஆடையும் கொண்டு செல்லுங்கள். ஓரிரவேனும் ஆற்றங்கரையிலே சிறு விடுதியொன்றில் தங்குங்கள். காலையிற் பூந்தோட்டத்தைப் பார்த்தால், மாலையிற் கலஹா வீதியிலும் சிறிது தூரம் செல்லுங்கள். உங்களுக்குத் தேநீர் கொண்டுவருபவரிடம் அவர் எந்தத் தோட்டத்தவர் என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால், அமர்ந்து முழுவதையும் கேளுங்கள்.