நேரம் பார்த்தோம், நிபந்தனை பார்த்தோமா?

திற்பரப்பு அருவியைக் காண வருவோர், கோதையாறு பாறைமேல் பரவி விழும் அழகைக் கண்டு மகிழ்வர். குளித்துக் களித்து ஊர் திரும்புவர். அவர்களை ஏற்றிவந்த காரோட்டி எங்கே உண்டான், எங்கே தலைசாய்த்தான் என்று கேட்போர் மிகச் சிலரே. கண்ணன் தேரோட்டிய கதையைக் கைகூப்பிக் கேட்கும் நாடு இது. கார் ஓட்டுகிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் நாடும் இதுவேதான்! அந்த வாசலில் பல ஆண்டு நின்றவர் நாம். பிறகு கடல் கடந்து, வேறொரு நாட்டின் வாசலிலும் நின்றோம். அதைச் சொல்ல வருவது நம் துயரைக் கடைவிரிக்க அன்று; நாளை புறப்படவிருக்கும் தம்பிகளுக்குப் பயன்படட்டும் என்றே.

நம் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய்ச் சென்று பட்டையைச் சீவுவார். மழை பிடித்துக்கொண்டால் பால் இல்லை. பால் இல்லையெனில் கூலி இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நமது படிப்பு நின்றது. மார்த்தாண்டத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்து, குலசேகரத்தில் சுற்றுலா வண்டி ஓட்டினோம். 2018-இல், குவைத்து நாட்டில் ஒரு வீட்டுக்கு டிரைவராகச் செல்ல விசா வந்தது.

வீடே விழாக்கோலம் பூண்டது. சோதிடர் வந்தார்; சாதகத்தை விரித்தார்; கட்டங்களை எண்ணினார். இராகுகாலம் கழித்தோம், எமகண்டம் தவிர்த்தோம். விமான நிலையத்துக்குச் செல்லும் வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கினோம். "வண்டியப் பைய ஓட்டு மக்களே" என்றார் அன்னை. அந்த ஒரு சொல்லில்தான் அன்றைக்கு அறிவு இருந்தது! நல்ல நேரம் பார்க்க மூன்று மணி நேரம் செலவிட்ட நாம், ஒப்பந்தத்தின் மூன்று தாள்களைப் படிக்க மூன்று நிமிடம் செலவிடவில்லை. கோள்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துகொண்டோம். நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளவில்லை.

முகவர் கேட்டது 1,20,000 ரூபாய். அன்னையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், முகவர் பெறத்தக்க கூலிக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என வரம்பு கட்டியிருந்தன. விதி இருந்தது, அதை நாம் அறிந்திருக்கவில்லை. தலைவிதியைப் பற்றி எத்தனையோ பேர் நமக்குச் சொன்னார்கள்; இந்த விதியைச் சொல்ல ஒருவர் இல்லை!

குவைத்தில் முதல்நாள் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக அமர்ந்தோம். முன்னே ஸ்டீயரிங் இல்லை! அங்கே ஓட்டுவோன் இடப்புறம் அமர வேண்டும். வண்டி சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். பத்தாண்டுப் பழக்கத்தில் இடக்கை கியரைத் தேடிச் சென்று கதவில் இடிபடும். ரவுண்டானாவில் இங்கே வலப்புறம் வருவோனுக்கு வழிவிட்ட கண்கள், அங்கே இடப்புறம் பார்த்தாக வேண்டும். ஒரு கணம் பழைய பக்கம் பார்த்தால் பாடைதான். அந்த நாட்டின் உரிமத்துக்கான தேர்வை முதன்முறை தோற்றோம். இரண்டாம் முறை தேறினோம். தேற வைத்தது எலுமிச்சம்பழம் அன்று. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வெறிச்சோடிய தெருவில் செய்த பயிற்சி.

மொழியும் ஒரு தேர்வுதான். யமீன் என்றால் வலம். யசார் என்றால் இடம். "சீதா, சீதா" என்றார் வீட்டுத் தலைவர். இங்கேயுமா இராமாயணம் என்று திகைத்தோம்! நேரே போ என்பது பொருளாம். இந்திச் சொல், வளைகுடா அரபியில் எப்போதோ குடியேறிவிட்டது. சொல்லுக்கு விசா வேண்டியதில்லை, மனிதனுக்குத்தான் வேண்டும்! வீட்டுத் தலைவியை 'மாமா' என்று அழைக்க வேண்டும். முறைமாற்றிச் சொல்கிறோமே என்று முதல் வாரம் நா கூசிற்று, பிறகு பழகிற்று.

பழகக் கூடாதவையும் பழகிவிட்டன. காலை 5 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினால், நள்ளிரவில் விருந்தினரைக் கொண்டுவிடும்வரை வேலை. ஓய்வுநாள் இல்லை. ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 120 தினார்; அங்கே கைக்கு வந்தது 90. இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டு வாங்கப்பட்டு மேசை இழுப்பறைக்குள் போயிற்று. வீட்டுத் தலைவர் கொடியவர் அல்லர். பெருநாளில் புத்தாடை தந்தவர். வழக்கம்தான் கொடியது. அது நல்லவரையும் சிறைக்காவலராக்கிவிடுகிறது.

இந்த வழக்கம் நமக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் 'துண்டு' என்ற சீட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். கடனைத் தீர்த்ததாகவோ தீர்ப்பதாகவோ துண்டு எழுதித் தராமல், தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921-இல் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. நம் காலத்துத் துண்டுக்கு எண் உண்டு. குவைத்தில் வீட்டுப் பணியாளர் விசா 20. கம்பெனி விசா 18. முன்னதிலிருந்து பின்னதற்கு மாற 2024-இல் ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை கதவு திறந்து, பிறகு மூடிற்று. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் தொழிலாளர் முதலாளியை மாற்றிக்கொள்ள வழிசெய்தது. வீட்டு டிரைவரை அந்தச் சீர்திருத்தத்திலிருந்து விலக்கிவைத்தது.

இரண்டாம் ஆண்டில் தந்தை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். விடுப்புக் கேட்டோம். "பிறகு பார்க்கலாம்" என்றார் வீட்டுத் தலைவர். இழுப்பறை அருகில்தான் இருந்தது. ஆனால் திருவனந்தபுரம் அதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றிற்று.

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்துநிற்கும்போது, கொல்லங்கோட்டைச் சேர்ந்த மூத்த டிரைவர் ஒருவரிடம் மனம் திறந்தோம். "நேந்து என்ன செய்ய, அண்ணே?" என்றோம். "நேர வேண்டாம் தம்பி, இதைப் படி" என்று கைப்பேசியை நீட்டினார். குவைத்தின் 2015-ஆம் ஆண்டு 68-ஆம் எண் சட்டம்! வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரமே வேலை. வாரம் ஒருநாள் ஓய்வு. ஆண்டுக்கு 30 நாள் ஊதியத்துடன் விடுப்பு. பாஸ்போர்ட்டைப் பணியாளர் இசைவின்றி முதலாளி வைத்துக்கொள்ளலாகாது. அந்தச் சட்டம் நாம் விமானம் ஏறுவதற்கு மூன்றாண்டு முன்பே பிறந்து நமக்காகக் காத்திருந்தது.

ஊரில் ஒப்பந்தம் சாமிபடத்தின் பின்னே பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய தங்கை அதை எடுத்து, தொலைபேசியில் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். அவள் படிப்புதான் அன்றைக்கு நம் வீட்டின் விளக்கு!

மறுநாள் சட்டத்தின் அரபு வாசகத்தை வீட்டுத் தலைவர் முன் வைத்தோம். குரலை உயர்த்தவில்லை, தலையைத் தாழ்த்தவுமில்லை. நெடுநேரம் படித்தார். நாம் வேலையை இழப்போமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இழுப்பறையைத் திறந்தார், பாஸ்போர்ட்டை எடுத்து நம் கையில் தந்தார். ஒன்பதாம் நாள் ஆசாரிப்பள்ளத்தில் இருந்தோம். தந்தையின் கண்ணில் ஒளி இருந்தது. எழுத்தறியாத அவர், அந்த நீலப் புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒன் கையிலயே இருக்கட்டு மக்களே" என்றார். அதற்குப் பின் பதினொரு நாள் வாழ்ந்தார்.

மீண்டும் சென்றோம், வெள்ளிக்கிழமை ஓய்வும் 120 தினாரும் பேசிப் பெற்ற பிறகே சென்றோம். முன்னே குறைத்த பணம் திரும்பவேயில்லை. கடன் தீர்த்து ஊர் வந்து, இன்று குலசேகரத்தில் சொந்த வண்டி ஓட்டுகிறோம்.

தம்பிகளே! புறப்படுங்கள், வேண்டாமென்று சொல்ல வரவில்லை. முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் சேருங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில், ஒன்று பையில், ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும்.

நல்ல நேரம் எது என்று நம்மிடமும் சிலர் கேட்பதுண்டு. ஒப்பந்தத்தை முழுதும் படித்து முடித்த நேரம் எதுவோ, அதுவே நல்ல நேரம். அதன்பின் வண்டியில் ஏறுங்கள், பைய ஓட்டுங்கள்.