கியர் உள்ள வண்டி

ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வண்டிக்கு இரண்டு வகை உண்டு: கியர் உள்ளது, கியர் இல்லாதது. சட்டத்தில் இதற்கு ஆண், பெண் கிடையாது. ஆனால் உரிமம் எடுக்கப் போகும் பெண்ணிடம் எது வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கியர் இல்லாததையே எழுதிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. அதுவும் கியர் இல்லாத, அல்லது தானாகக் கியர் மாறும் வண்டிக்குத்தான். அந்த மானியத்தில் வண்டி வாங்கி, பேருந்துக்குக் காத்து நிற்பதிலிருந்து தப்பித்த பெண்களை எனக்குத் தெரியும். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. எந்த வண்டி நமக்கு என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள் என்கிறேன்.

பைக்கின் கனம் பெண்ணுக்குத் தாங்காது என்பார்கள். ஸ்பிளெண்டரும், பெண்கள் வண்டி என்று பெயரெடுத்த ஆக்டிவாவும் 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கின்றன. வேறுபாடு சக்கரத்தில். ஸ்பிளெண்டருக்கு 18 அங்குலம், பழைய ஆக்டிவாவுக்கு 10. எங்கள் கல்லூரிச் சாலையின் பள்ளங்களைச் சின்னச் சக்கரத்தில் கடந்தவர்களின் முதுகெலும்புக்கு இந்தக் கணக்கு புரியும். எனக்கு பைக் தேவைப்பட்டது இதற்காகத்தான், வீரத்துக்காக அல்ல. கௌரவ விரிவுரையாளர் சம்பளத்துக்குப் பழைய வண்டிதான் கட்டுப்படியாகும். முதலில் எட்டுப் போட்டுக் காட்டி, உரிமத்தில் கியரைச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பழைய வண்டி விற்கும் கடைக்கு ‘கன்சல்டிங்’ என்று பெயர். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கல்லூரி முதலாண்டு, சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டியதில்லை. கடைக்காரர் மைலேஜ், டயர், விலை எல்லாவற்றையும் அவனிடமே சொன்னார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பிக்கா மேடம்?”

எனக்குத்தான் என்றதும் ஓரமாக நின்ற ஸ்கூட்டரைக் காட்டினார். “இதைப் பாருங்க, லேடீஸ் ஓட்டின வண்டி. ஒரு கீறல் இருக்காது.” பெண் ஓட்டியது என்றால் வண்டிக்கு மதிப்புக் கூடுகிறது. வாங்க வந்த பெண்ணுக்குத்தான் மதிப்பில்லை.

நான் கேட்டது 13 வயதான ஸ்பிளெண்டர். எஞ்சின் மேல் கையை வைத்தேன், சுட்டது. ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறிய எஞ்சின் கிளம்பப் படும் பாடு நமக்குத் தெரியாது. “ஆறட்டும்ணே, டீ குடிச்சிட்டு வர்றோம்” என்றேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, சோக் இழுத்து, நாலாவது உதையில் கிளம்பியது. நீலப் புகை இல்லை; எஞ்சின் ஆயிலைக் குடிக்கவில்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்திருந்தது. செயின் தொய்ந்து கிடந்தது. சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். அதற்கு இரண்டே ஆண்டு இருக்கிறது என்று நான் சொன்னதும் 3,000 ரூபாய் இறங்கினார். ஃபோர்க் சீலுக்கு இன்னொரு 1,000. பெயர் மாற்றும் 29, 30ஆம் படிவங்களில் விற்பவர் கையெழுத்தில்லாமல் மீதிப் பணம் தரமாட்டேன் என்றேன். “டீச்சருங்களா?” என்று கேட்டார்.

மெக்கானிக் சீலையும் செயினையும் மாற்றினார். பிறகு பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த சாரி கார்டைத் தட்டி, “நீங்கதானே ஓட்டப்போறீங்க, இதைக் கழட்டிரவா?” என்றார். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. மொத்த வண்டியிலும் பெண்ணை நினைத்துச் செய்த பாகம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதுவும் அவள் பின்னால்தான் உட்காருவாள் என்று நினைத்து.

“இருக்கட்டும்ணே, அம்மா உட்காருவாங்க” என்றேன்.

அம்மாவுக்கு 72 வயது. அப்பாவின் வண்டியில் முப்பது வருஷம் உட்கார்ந்த மாதிரியே ஒருபக்கமாக உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கியருக்குப் போனதும், “கொஞ்சம் மெதுவாப் போடி” என்றாள். அப்பாவிடம் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.