மில்லு வேலையைச் சொல்லலாமா?

வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் பணி. 1999 கார்கில் போரில் போஃபர்ஸ் பீரங்கிக் குழுவில் இருந்தவர். 2007இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது நடந்த மருத்துவ வாரியம், இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, ஆயுள் முழுக்க 20 சதவீதம் என்று எழுதியிருந்தது. அடுத்த கட்டத்தில், இது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரு வரி. குறை கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் அவர் அமைதிப் பகுதி முகாமில் இருந்தாராம், அதுதான் காரணம். போர்முனையில் கெட்ட காதை, கீழே இறங்கி வந்த பிறகுதானே சோதிப்பார்கள்? டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு நூற்பாலையில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு வழக்குக்காக அவர் என்னிடம் வந்தபோது சட்டம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: படையில் சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் முழு உடல் தகுதியோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, மருத்துவ வாரியம் காரணம் எழுதியாக வேண்டும். டிஸபிலிட்டி பென்ஷனுக்கான 1982ஆம் ஆண்டு விதிகளின் 9ஆவது விதி, சந்தேகத்தின் பலனை வீரருக்கே தரச் சொல்கிறது. களப்பணியில் இருந்தவர்களுக்கு இன்னும் தாராளமாக.

இவ்வளவு இருக்க டாக்டர் எதற்கு என்று கேட்கலாம். காது வயதாலும் கெடும். எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதனால் திண்டுக்கல்லில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமான கருத்து வாங்க முடிவு செய்தேன். அதற்கு முன்னால் காகிதங்களைச் சேர்த்தோம். நாசிக் ரோடு முகாமிலுள்ள பீரங்கிப் படை ஆவண அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மருத்துவ வாரிய நகலைப் பெற்றோம். மீதி அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்புப் பெட்டி. டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு அடியில், நாலாய் மடித்த ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறனைச் சோதித்த வரைபடம்), 2003ஆம் ஆண்டு ராணுவ மருத்துவமனையில் எடுத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் கோடு தெரிந்தது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் அவரையும் அவர் மனைவியையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். "டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்கண்ணே?" என்றேன், கொஞ்சம் சத்தமாக. நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் சார்" என்றார். 24 ஆண்டுகள் பழக்கிவிட்ட பதில் அது. எத்தனையோ முன்னாள் வீரர்களின் கோரிக்கை இந்த ஒரு பதிலிலேயே கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் கேட்டதை எழுதுவார், அது ஆவணமாகிவிடும்.

மனைவிதான் குறுக்கே வந்தார். "எங்க சார் நல்லா இருக்காரு? மோட்டார் ஓடுதா நின்னுருச்சான்னே தெரியாது. தண்ணி வாய்க்கா தாண்டி அடுத்தவன் காட்டுக்குப் போயிரும். பின்னால பஸ்ஸு ஹாரன் அடிச்சாலும் ஒதுங்க மாட்டாரு." இதைத்தான் நாளைக்குச் சொல்லுங்கம்மா என்றேன். இரைச்சல் எப்போது தொடங்கியது, எந்தப் பீரங்கி, காதில் பஞ்சு வைத்தாரா, எத்தனை ஆண்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதிக்கொண்டோம்.

கிளம்பும்போது தயங்கி நின்றார். "மில்லு வேலைய மட்டும் சொல்லாம விட்டுருவமா சார்? அங்க இருக்குற சத்தத்துலதான் காது போச்சுன்னு எழுதிப்புட்டா?"

நியாயமான பயம்தான். ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. மறைத்த ஒன்று பின்னால் வெளிவந்தால் உண்மையாய்ச் சொன்ன மற்றதும் சேர்ந்து விழும். சோதனையில் கேட்கிறதைக் கேட்கவில்லை என்று சொல்லவும் வேண்டாம் என்றேன். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள்; பொய் அங்கேயே தெரிந்துவிடும்.

முன்பு வேறு ஒரு மருத்துவர் அவருக்கு இரண்டு வரிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார்: காது கெட்டது ராணுவப் பணியாலேயே. அதைக் கோப்பில் வைக்கவே இல்லை நான். முடிவை மட்டும் எழுதிய காகிதத்தை எந்தத் தீர்ப்பாயமும் மதிக்காது.

திண்டுக்கல் மருத்துவர் பொறுமைசாலி. மில்லில் கேட் வேலையா, ஸ்பின்னிங் பகுதியிலா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தக் கிழிந்த ஆடியோகிராமை வெளிச்சத்தில் பிடித்தார். 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளமாக இறங்கி, 8000இல் மீண்டும் ஏறியிருந்தது. வயதால் வரும் குறைவில் கோடு மேல் அலைவரிசைகளை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். நடுவில் இப்படிப் பள்ளம் விழுவது பெருஞ்சத்தம் தாக்கிய காதின் அடையாளம் என்று எங்களுக்கு விளக்கினார். அறிக்கையில் அதையே காரணமாக எழுதி, மில் வேலையையும் குறிப்பிட்டு, இந்தப் பதிவு அந்த வேலைக்கு 4 ஆண்டு முந்தையது என்று முடித்தார். ஒளித்திருந்தால் எதிர்த்தரப்பின் ஆயுதமாகியிருக்கும் விஷயம், சொன்னதால் செத்துப்போனது.

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு எங்கள் மனுவை ஏற்றது. 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் தீர்ப்பின்படி 20 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்பட்டது. நிலுவை மட்டும் மனுத் தாக்கலுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குத்தான். 2008ஆம் ஆண்டு தர்செம் சிங் தீர்ப்பு அப்படி. அதற்கு முன்னால் போன ஆண்டுகளின் பணம் போனதுதான். ஆங்கிலத்தில் வந்த ஒரு மறுப்புக் கடிதத்தை யாரும் விளக்கிச் சொல்லாததற்கு அவர் கொடுத்த விலை அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

2023 செப்டம்பர் 21 முதல் டிஸபிலிட்டி பென்ஷனுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அதன்பின் ஓய்வு பெறுகிறவர்களின் கோரிக்கை அந்த விதிகளின்படிதான் பார்க்கப்படும்; பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பி அவர்கள் வரக் கூடாது. பணியில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காயம் பட்ட அன்றைக்கே காய அறிக்கை எழுதினார்களா, அதன் நகல் கையில் இருக்கிறதா?