கரிசல் சேறும் காஷ்மீர்ப் பனியும்

விருதுநகரில் நான்கு வழிச்சாலையில் ஏறி வடக்கே வண்டியைத் திருப்பினால், சாலையின் எண் மாறாமலே காஷ்மீர் போய்ச் சேரலாம். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு, கடைசியில் ஸ்ரீநகர். நாம் என்.எச். 7 என்று சொல்லிப் பழகிய சாலைதான் இன்று என்.எச். 44. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும், நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை. சிவகாசிப் பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றிய லாரிகள் வடக்கே போவதும் இந்தச் சாலையில்தான்.

சாத்தூர் காராச்சேவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு காரிலேயே பனி பார்க்கப் போய்வர வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் இருக்கிறது. 'நம்ம வண்டி ஆல் வீல் டிரைவ், நாலு சக்கரமும் இழுக்கும், பயமே இல்லை' என்று தைரியம் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தைரியத்தில் எவ்வளவு நியாயம் என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

ஒரு சொல், பல பனி

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற முக்கியக் காரணம் இங்குள்ள வறண்ட காற்று. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில், மழை குறைந்த இந்த மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இந்த ஊர்க்காரருக்குப் பனி என்றால், மார்கழி விடியலில் கார் கண்ணாடியில் படியும் ஈரம்தான். துணியால் துடைத்தால் போய்விடும்.

வடக்கே அதே சொல்லுக்குள் பல ஆபத்துகள் இருக்கின்றன. புதிதாய் விழுந்த பனி மாவு போல இருக்கும். டயர் ஓரளவு பிடிக்கும். வண்டிகள் ஏறி ஏறி அமுங்கிய பனி, மெழுகிய தரை போல வழுக்கும். பகலில் உருகி இரவில் உறைந்தது பனிக்கட்டி. இவை எல்லாவற்றையும் விட மோசமானது, தார் மேல் கண்ணாடித் தாள் போலப் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டி. பார்த்தால் ஈரச் சாலை போலத்தான் தெரியும். பாலங்களிலும் வெயில் படாத வளைவுகளிலும் அதுதான் காத்திருக்கும்.

நாலு சக்கரமும் இழுத்தால்

ஆல் வீல் டிரைவ் செய்யும் வேலை எளிமையானது. எஞ்சினின் இழுவையை இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்குக்கும் கொடுக்கிறது. ஒன்று வழுக்கிச் சுற்றினால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு இழுவையை மாற்றிவிடுகிறது. 1980-ல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி நிறுவனம் 'குவாட்ரோ'வைக் கொண்டுவந்த பிறகு, ஜீப்புக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த இந்த வசதி சாதாரண கார்களுக்கும் பரவியது. நின்ற இடத்திலிருந்து கிளம்பவும், பனி படிந்த ஏற்றத்தில் ஏறவும் இது பெரிய உதவி.

ஆனால் பிரேக்? அது எல்லாக் காரிலும் ஏற்கெனவே நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. அதனால் நிறுத்தும்போது ஆல் வீல் டிரைவ் கூடுதலாக எதுவும் தருவதில்லை. ஒரு தொல்லை வேறு உண்டு. சாதாரண வண்டி, கிளம்பும்போதே சக்கரம் சுற்றி 'தரை வழுக்குகிறது' என்று எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் வண்டியோ சத்தமில்லாமல் கிளம்பி வேகம் எடுத்துவிடும். வழுக்கல் தெரிய வருவது முதல் வளைவில்தான்.

தோராயக் கணக்கு இது: 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை அழுத்திய பிறகு காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் நிற்கும். அமுங்கிய பனியில் சுமார் 50 மீட்டர். பனிக்கட்டியில் கிட்டத்தட்ட 100 மீட்டர்.

கரிசல் சொல்வது

நம் கரிசல் காட்டில் இந்தப் பாடம் பழையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிப்பாதையில் இறங்கிய டிராக்டர் சிக்கினால், அனுபவப்பட்டவர் முதலில் சொல்வது, "ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க அண்ணாச்சி, இன்னும் புதையும்" என்பதுதான். களிமண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பான உருளை ஆகிவிடும். பிறகு எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் பயனில்லை.

பனியிலும் டயர்தான் எல்லாம். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற ரப்பர், 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். தமிழர்கள் நிறையப் பேர் வாழும் மான்ட்ரியல் நகரம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஆல் வீல் டிரைவ் கார் என்று சொல்லித் தப்ப முடியாது.

செடானுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. உயரம் குறைவு என்பதால் வளைவில் நிதானமாகத் திரும்பும். ஆனால் வயிற்றுப் பகுதிக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பனி அதைத் தாண்டிக் கிடந்தால் வண்டி பனி மேல் படுத்துவிடும். நாலு சக்கரமும் சும்மா சுற்றும்.

ஜம்முவுக்கு அப்பால்

இந்தச் சாலையின் பனிப் பகுதி ஜம்முவைத் தாண்டித்தான் வருகிறது. 2017-ல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை சுமார் 9 கிலோமீட்டர். பட்னிடாப் மலைப் பனியைத் தவிர்த்துக் கொடுக்கிறது. பனிஹாலில் 1956 முதல் இருந்த ஜவாஹர் சுரங்கத்துக்குச் சுமார் 400 மீட்டர் தாழ்வாக, எட்டரை கிலோமீட்டர் நீளப் புதிய சுரங்கம் 2021-ல் போக்குவரத்துக்கு வந்தது. ஆனாலும் ராம்பன் பக்கம் மண்சரிவும், காசிகுண்ட் பக்கம் பனியும் குளிர்காலத்தில் சாலையை அடைத்துவிடுவதுண்டு.

டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். நமக்கு மார்கழி, தை. அந்த நாட்களில் காலையில் போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

கிளம்பும் முன்

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் அங்கே உதவாது. தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சினே வெடித்துவிடும். கூலன்ட்டைச் சரியான அளவில் கலக்க வேண்டும். டீசல் வண்டியென்றால், நம் ஊர் டீசல் கடுங்குளிரில் மெழுகு போல உறையும். மலை ஏறும் முன் அந்தப் பகுதி பங்க்கில் நிரப்புவது நல்லது. லடாக் போன்ற இடங்களுக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது.

இரவில் ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். கண்ணாடியில் உறைந்த பனி மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். ஓட்டும்போது ஆக்சிலேட்டர், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் மெதுவாகக் கையாளுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிப்பில் இறங்குங்கள். முன்வண்டிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள்.

பனியில் வண்டி சிக்கி நின்றுவிட்டால் ஹீட்டரைப் போட்டுத் தூங்காதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகருக்குப் பனி பார்க்கப் போனவர்களின் கார்கள் இரவில் சாலையிலேயே புதைந்தன. குழந்தைகள் உட்படக் குறைந்தது 22 பேர் இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் திரும்பிவிடும். எஞ்சின் ஓடத்தான் வேண்டுமென்றால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கி வையுங்கள்.

ஸ்ரீநகர் போனவர்கள் அடுத்துக் கிளம்புவது குல்மார்க்குக்கு. பனி கொட்டிய நாளில், டங்மார்க்கில் வண்டிகளை நிறுத்தி, சங்கிலி கட்டிய அல்லது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டும் மேலே விடுவார்கள். உங்கள் செடானுக்கு அனுமதி கிடைக்கலாம். டயர் நம் ஊர் டயர் என்றால் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். மீதி 13 கிலோமீட்டர்தான். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அந்த ஓட்டுநருக்குப் பழக்கம். நீங்களும் பிள்ளைகளோடு சன்னல் வழியே பனியைப் பார்க்கலாம்.